பலகையோடு வந்த டைப்ரைட்டர்

எனக்கு எழுத வராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தும் கோணும், சொல்வதும் முன்னே பின்னே போகும். போன வாரம் சாப்பிட்டது மறந்துபோகிறது, அந்தக் காலத்தில் நடந்ததை எப்படிச் சரியாகச் சொல்லப்போகிறேனோ தெரியவில்லை. இருந்தாலும் கடையை இப்போது நடத்தும் நானாவின் பேரன் ஒரு நோட்டையும் இரண்டு பேனாவையும் கொடுத்து, "சரசு மாமி, புதுசா சேந்திருக்கிற புள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை எழுதுங்க. நேர்ல பேசச் சொன்னா நீங்க ஓடிப் போயிருவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது உண்மைதான். நாலு பேர் முன்னால் எனக்கு இன்னமும் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பழைய கணினிகளை வாங்கி, சரிபார்த்து, விற்கிறீர்கள். மலாக்கா ஊரின் காஜா பெராங்கில் இதே கடையில் நாங்கள் பழைய டைப்ரைட்டர் வாங்கி, துடைத்து, எண்ணெய் போட்டு விற்றோம். மலாயா சுதந்திரம் வாங்கப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். கடை நானாவுடையது. அவர் தமிழ் முஸ்லிம், தகப்பனார் காலத்திலிருந்தே மலாக்காவில் வியாபாரம். ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். எனக்குப் பதினெட்டு வயது. துடைக்கத்தான் என்னைச் சேர்த்தார். மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொடுத்து, எழுத்துகளில் அடைந்திருக்கும் மையைச் சுரண்டச் சொன்னார்.

நான் எப்படிச் சரிபார்க்கிறவளாக ஆனேன் என்பதை முதலில் சொல்கிறேன். நானாவுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். பழைய மெஷின் வந்தால் தாளைச் சொருகி, வேகமாக ஒரு வரி அடிப்பார். எப்போதும் அதே வரிதான், அவருடைய பெயரும் கடை விலாசமும். அடித்துப் பார்த்து, "போகட்டும், நல்லாத்தான் இருக்கு" என்பார். எனக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. எனக்கு அவை எல்லாம் வடிவங்கள்தான். ஒன்று கொக்கி, ஒன்று ஏணி, ஒன்று முட்டை, ஒன்று வால் சுருண்ட குரங்கு. ஒரு நாள் அவர் அடித்து வைத்த தாளைப் பார்த்து, "நானா, இந்தக் கொக்கிக்கு மூக்கு ஒடஞ்சிருக்கே" என்றேன். வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய பெயரிலேயே மூன்று இடத்தில் வருகிற எழுத்து அது.

"என் பேருல்ல, கண்ணு தானாப் படிச்சிருது" என்றார். "ஒனக்குப் படிக்கத் தெரியாது. அதான் பாக்கத் தெரியுது. இனிமே நீயே பாரு."

அவர் கேலிக்குச் சொன்னாரா, பாராட்டினாரா என்று அன்றைக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டையையும் பத்துப் பத்துத் தடவை அடித்து, வடிவத்தை மட்டும் பார்ப்பது என் வேலையாயிற்று. நீங்களும் கணினியில் உங்கள் பெயரை அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பெயரில் இல்லாத எழுத்துகளை யார் அடித்துப் பார்ப்பது?

விற்க வருகிறவர்கள் முன்னால் பேச எனக்குக் கூச்சம். அதற்கு நானா ஒரு வழி வைத்தார். நான் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் மேசையில் மெஷினைச் சோதிப்பேன். நல்ல மெஷின் என்றால் கறுப்பு ரெக்சின் உறையைக் கழற்றியபடியே விட்டுவிட்டு ஒதுங்கிவிடுவேன். கோளாறு என்றால் உறையைப் போட்டு மூடிவிடுவேன். நானா திரும்பிப் பார்த்துவிட்டு விலையைப் பேசுவார், அல்லது "வேணாம்லா, கடையில ஸ்டாக் நெறைய" என்பார். வந்தவர்கள் என்னைத் தூசி துடைக்கும் பெண் என்றுதான் நினைத்தார்கள். எனக்கும் அதுதான் வசதி.

இனி அந்த மெஷின். அது வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதை மறக்கமாட்டேன், ஏனென்றால் நானா பள்ளிவாசலுக்குப் புறப்படத் தொப்பியைக் கையில் எடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கால் மணி நேரம் முன்னால் விற்க வருகிறவர்களைப் பற்றி எனக்கு அப்போது சந்தேகம் கிடையாது. அதற்குப் பிறகு எப்போதும் உண்டு.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி. புக்கிட் ரம்பாயிலிருந்து வருவதாகச் சொன்னார். முதலாளிகளைக் கூப்பிடுகிற மாதிரி நானாவைத் தவுக்கே என்று கூப்பிட்டார். மெஷின் ஒரு தடித்த பலகையின் மேல் திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. மேலே, முன்னால், இரண்டு பக்கத்திலும் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு.

"எங்க அண்ணன் மெஷின், தவுக்கே. சூராட் எழுதிக் கொடுக்கிறவரு, கடுதாசி, மனுவெல்லாம். போன ஆயுத பூஜைக்கு அவரு கையால வெச்ச பொட்டு. பொங்கலுக்கு முன்னாடி போயிட்டாரு. அண்ணி அழிக்கக் கூடாதுன்னுட்டாங்க. பலகைய விட்டும் எறக்கக் கூடாதாம். வாங்குறவங்க வீட்டுக்குப் போய் நல்ல நேரம் பாத்து எறக்கிக்கட்டும்னாங்க."

நானா ஓர் அடி பின்னால் போனார். "அது உங்க சாமி சமாச்சாரம். நான் கை வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "சரசு, நீ பாத்துக்க. சீக்கிரம்."

நான் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையும் பத்துத் தடவை. கொக்கி, ஏணி, முட்டை, குரங்கு எல்லாம் ஒழுங்கு. மேலே ஓடும் உருளை தடங்கலில்லாமல் ஓடியது. மணி அடித்தது. வரி நேராக வந்தது. வழக்கமாக மெஷினைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பேன், பக்கத்து இரும்பில் மண்ணெண்ணெய்த் துணி போட்டு ஓர் இழுப்பு இழுப்பேன். அன்றைக்கு இரண்டையும் செய்யவில்லை. இறந்துபோனவர் கையால் வைத்த பொட்டு. அதில் எப்படி மண்ணெண்ணெய்த் துணியைப் போடுவது? நானா கை வைக்காதது அவருடைய மரியாதை. நான் கை வைக்காதது என் பயபக்தி. இரண்டும் சேர்ந்து அந்த ஆளுக்கு வேண்டியதைச் செய்து கொடுத்தன.

உறையைப் போடாமல் ஒதுங்கினேன். நானா பணத்தைக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிவாசலுக்குப் போனார்.

சாயங்காலம் வீட்டில் சோறு பிசைகிறேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்கள், "கையில சந்தனம் மணக்குதே, கோயிலுக்குப் போயிட்டா வர்ற?"

"இல்லம்மா. கடையில ஒரு மெஷின்ல இருந்துச்சு, அடிக்கிறப்ப ஒரசியிருக்கும்."

"என்னைக்கு வெச்சது?"

"போன ஆயுத பூஜைக்கு."

அம்மா என் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழம்பை ஊற்றினார்கள். நான் இடது கை விரல்களை மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு வைக்கிற சந்தனமே இரண்டு நாளில் காய்ந்து, ஒரு வாரத்தில் வெடித்து, பொருக்காக உதிரும். பத்து மாதச் சந்தனம் விரலில் ஒட்டுமா? சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் மணக்குமா?

சந்தேகம் ஒன்று வந்தால் தனியாக வராது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பொட்டு ஏன் இடது பக்கம் அவ்வளவு பெரிதாக இருந்தது? வலது பக்கம் ஒரு சின்னப் புள்ளிதானே? ஏன் பலகை? ஏன் வெள்ளிக்கிழமை? கடைசியில் இன்னொன்றும் வந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நானாவுக்கு இது தெரியுமோ? தெரிந்துதான் கை வைக்கவில்லையோ? யாராவது பிறகு கேட்டால், "அந்தப் புள்ளதான் பாத்துச்சு" என்று சொல்லிக்கொள்ளலாமே?

அந்த மெஷின் யாருக்குப் போகப்போகிறது என்று எனக்குத் தெரியும். செமாபோக்கிலிருந்து வரும் பார்வதி அக்காவுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவர். கணவர் போய் ஒரு வருஷம், இரண்டு பெண் பிள்ளைகள். அப்போது குடியுரிமைக்கு எழுதிப் போடுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக அலைந்தார்கள். டைப் அடிக்கத் தெரிந்தவர்கள் கை ஓயாத நேரம். டவுனில் ஒரு கோப்பிக்கடைக்காரர் தன் கடையின் முன் தாழ்வாரத்தில், அஞ்சடி என்போமே, அங்கே ஒரு மேசை போட்டுக்கொள்ள அக்காவுக்கு இடம் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை காலையில் மெஷினோடு உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவர் காத்திருந்தார். அக்கா கம்மலை விற்றுவிட்டு நல்ல மெஷினுக்காக மூன்று வாரமாகக் கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை நான் வருவதற்குள் அக்கா வந்துவிட்டார். மெஷின் முன்மேசைக்குப் போயிருந்தது. வெள்ளைச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அழகாக அடிப்பார் தெரியுமா, மழை ஒரே சீராகப் பெய்கிற மாதிரி.

"நல்லா ஓடுது நானா. பொட்டெல்லாம் வெச்சு ராசியா இருக்கு" என்றார். "எனக்குத்தான் இல்ல. மெஷினுக்காச்சும் இருக்கட்டும்."

நானா சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். மெஷினைச் சுற்றிக் கட்ட அட்டையும் கயிறும் எடுத்து வைத்தார்.

நான் அலமாரிக்குப் பின்னால் நின்றேன். பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இந்த இடம்தான். கோளாறைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நேற்று நல்லது என்று சொன்ன வாய், இன்றைக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம். என் சந்தேகம் பொய்யாகப் போனால் செத்தவர் வைத்த பொட்டை அழித்த பாவம், ராசியான மெஷினைக் கெடுத்த பாவம், அக்காவின் திங்கட்கிழமையைக் கெடுத்த பாவம். சும்மா இருந்துவிட்டால் யாரும் என்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. கோளாறு இருந்தாலும் ஒரு மாதம் கழித்து, எங்கேயோ அஞ்சடியில் வெளிப்படும்.

வாய் திறக்கவில்லை. கால்தான் போனது. கறுப்பு உறையை எடுத்துக்கொண்டு முன்னால் போய், அக்கா அடித்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் மேல் போட்டேன். அவர் விரல்கள் உறைக்குள் மாட்டிக்கொண்டன.

"ஏம்மா, கடைக்குள்ளயே மழை பெய்யுதா?" என்றார் அக்கா.

நானாவுக்கு உறையின் அர்த்தம் தெரியும். கயிற்றைக் கீழே வைத்தார்.

"நேத்து தொறந்து வெச்சது நீதானே?"

"ஆமா நானா."

"இன்னைக்கு ஏன் மூடுற?"

"சந்தனம் மணக்குது நானா."

"சந்தனம்னா மணக்கத்தான் செய்யும்."

"பத்து மாசம் மணக்காது நானா."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஓர் ஆண்பிள்ளை முகத்தை அவ்வளவு நேரம் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தெரிந்திருந்தவர் முகமா, தெரியாதவர் முகமா என்று தேடினேன். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அடப்பாவி. நான் தொடமாட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அதை நான் நம்பினேன். முக்கால் பங்கு நம்பினேன்.

"தொடைச்சுப் பாரு" என்றார்.

மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தேன். உறையைக் கழற்றினேன். இடது பக்கம் அந்தப் பெரிய பொட்டு. பக்கத்தில் வெறும் நெற்றியோடு பார்வதி அக்கா. ஒரு வருஷத்துக்கு முன்னால் அவர் நெற்றியில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதையே அவர் கண் முன்னால் நான் செய்ய வேண்டும். கை நின்றுவிட்டது.

"அழிக்காதடி" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "ஒண்ணும் இருக்காது. நல்லாத்தானே அடிக்குது. எனக்குத் திங்கக்கெழம உக்காரணும்."

"ஒண்ணும் இல்லன்னா நானே திரும்ப வெச்சுத் தரேன்க்கா."

அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார்.

"குடு. நீ சின்னப் புள்ள" என்று சொல்லிவிட்டு ஒரே இழுப்பில் துடைத்தார்.

சந்தனம் ஈரமாக வழித்துக்கொண்டு வந்தது. அதன் அடியில் கறுப்பாக மெழுகு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. இன்னும் ஓர் இழுப்பு. இரும்பில் மேலிருந்து கீழே ஒரு விரிசல், தலைமுடி அளவு. எங்கோ விழுந்து உடைந்த மெஷின். பலகையில் இறுக்கியிருப்பதால் வாய் மூடிக்கொண்டிருந்தது.

நானா திருகாணிகளைக் கழற்றினார். பலகையை விட்டு இறக்கி, எங்கள் மேசையில் வைத்தோம். அக்கா அதே வேகத்தில் அடித்தார். மூன்று வரிவரை சரியாக வந்தது. நாலாவது வரியில் எழுத்துகள் சரிவில் இறங்குகிற மாதிரி இறங்கத் தொடங்கின. பத்தாவது வரியில் எல்லாவற்றுக்கும் கால் இல்லை. விரிசலுக்குள் என் நகம் நுழைந்தது.

அக்கா அந்தத் தாளை உருவி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. "அப்ப திங்கக்கெழம?" என்றார், சுவரைப் பார்த்து.

நானா எழுந்து உள்ளே போனார். கடைக் கடிதங்கள் அடிக்கிற அவருடைய சொந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். மூச்சு வாங்கியது. "இத எடுத்துட்டுப் போம்மா. ஒனக்குப் பிடிச்ச மாதிரி வேற ஒண்ணு வந்ததும் மாத்திக்கலாம். அதுவரைக்கும் நான் கையால எழுதிக்கிறேன்."

பார்வதி அக்கா நன்றி சொல்லவில்லை. அந்த மெஷினைக் கவிழ்த்தார். அடிப்பக்கம் பார்த்தார், இரண்டு பக்கமும் துணி போட்டுத் துடைத்தார், விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"என்னையுமா?" என்றார் நானா.

"நேத்து வரைக்கும் ஒங்களத்தான் நம்பினேன்."

நானா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். திங்கட்கிழமை அக்கா அஞ்சடியில் உட்கார்ந்தார். நானாவின் மெஷினைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, பிறகு அதையே விலைக்கு வாங்கிக்கொண்டார். இரண்டு பெண்களும் அந்த மேசையில்தான் படித்து முடித்தார்கள்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே ஆள் வந்தார். வெள்ளிக்கிழமை, அதே நேரம். வேறு மெஷின், வேறு பலகை, அதே பொட்டு. இந்தத் தடவை மாமனார் வைத்த பொட்டாம். நானா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், பிறகு கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அவசரம் இல்ல. சரசு, பாரு" என்றார்.

நான் அலமாரிக்குப் பின்னால் போகவில்லை. அந்த ஆள் முன்னாலேயே துணியை எடுத்தேன்.

"ஏம்மா, பூஜை பண்ணினத அழிக்கலாமா? நீயும் நம்ம சாமியத்தானே கும்புடுற?" என்றார்.

வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த குங்குமச் சிமிழை மேசைமேல் வைத்தேன். "பாத்துட்டுத் திரும்ப வெச்சுருவேண்ணே" என்றேன். விற்க வந்த ஒருவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். துணி மெஷினைத் தொடுவதற்குள் அவர் பலகையோடு தூக்கிக்கொண்டார். வாசலில் அவர் சைக்கிள் மணி கேட்டது. பிறகு அவரைக் காஜா பெராங்கில் யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கடையில் ஒரு வழக்கம் வந்தது. எந்த மெஷின் வந்தாலும், யார் பொட்டு வைத்திருந்தாலும், முதலில் துடைப்பது. பிறகு நம் மேசையில், நம் தாளில், நம் நேரத்தில் சோதிப்பது. எல்லாம் சரியாக இருந்தால் நம் சிமிழிலிருந்து நாமே ஒரு சின்னப் பொட்டு வைப்பது. நானா மட்டும் கடைசிவரை அதில் கை வைக்கவில்லை. "பொட்டு வெச்சாச்சா?" என்று கேட்பார், அவ்வளவுதான். சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட அந்தப் பொட்டைக் கேட்டு வாங்கிப் போனார்கள். இப்போது நீங்கள் கணினியில் ஒட்டும் பச்சை ஸ்டிக்கர் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கணினியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விற்க வருகிறவர் முன்கூட்டியே திறந்து, படமெல்லாம் ஓடவிட்டு, தன் வயரையே சொருகி உங்கள் முன்னால் நீட்டுவதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது பலகை. இறக்குங்கள். அணைத்துவிட்டு நீங்கள் திறவுங்கள், உங்கள் வயரைப் போடுங்கள், ஒட்டியிருக்கிற அழகான உறையை உரித்துப் பாருங்கள். அவர் நல்லவராக இருந்தால் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். விரிசல் இடது பக்கம் என்று எழுதியிருக்கிறேன், அது நான் நின்ற பக்கத்திலிருந்து இடதா, அடிக்கிறவருக்கு இடதா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. செங் என்கிற ஊரில் பார்வதி அக்காவின் பெரிய பெண் இருக்கிறாள், அந்தக் கால் இல்லாத எழுத்துத் தாளை அக்கா பத்திரமாக வைத்திருந்ததாகச் சொன்னாள். யாராவது ஒருவர் போய்ப் பார்த்து, நான் எழுதியது சரிதானா என்று கேட்டு எழுதிவிடுங்கள். அந்த விரிசல் மெஷினை நானா பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். பலகையை மட்டும் தூக்கிப் போட மனமில்லை. கடையின் பின்னறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலுக்கு அடியில் கிடப்பது அதுதான். கெட்டிலை எடுத்துவிட்டு, ஈரத்தைத் துடைத்துவிட்டுத் திருகாணி ஓட்டைகளை எண்ணுங்கள். நாலு என்று எனக்கு ஞாபகம். நான் சொன்னேன் என்பதற்காக நாலு என்று எழுதிவிடாதீர்கள்.